தெருவில் கேட்ட நன்கொடை, கார்டில் போன பெருந்தொகை: வங்கியிடம் முறையிடும் வழி

உண்டியலில் சில்லறை போடுகிறவர் ஏமாந்தாலும் அந்தச் சில்லறையை மட்டுமே இழக்கிறார். கையடக்கக் கார்டு இயந்திரத்தின் மேல் கார்டை வைக்கிறவர் எவ்வளவு இழக்கப்போகிறார் என்பதையோ, எதிரில் நிற்பவரின் விரல்தான் முடிவு செய்கிறது. தெருவில் நன்கொடை கேட்டு நடக்கும் மோசடிகள் இன்று பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டை நம்பியே நடக்கின்றன.

செய்முறை எளியது. நோயுற்ற குழந்தையின் படம், பள்ளி விளையாட்டு அணியின் பெயர், இறுதிச் சடங்குக்கான செலவு என்று ஏதோ ஒன்றைக் காட்டி, மிகச் சிறிய தொகையைக் கேட்பார்கள். ரொக்கம் இல்லை என்று சொன்னதும் இயந்திரம் வெளியே வரும். திரை அவர்கள் பக்கமே திரும்பியிருக்கும், அல்லது படத்தாளோ கையோ அதை மறைத்திருக்கும். ஒப்புக்கொண்ட தொகைக்குப் பின்னால் ஒன்றிரண்டு பூஜ்யங்கள் சேரும். சில வேளைகளில் ‘போகவில்லை, மறுபடியும் வையுங்கள்’ என்பார்கள்; முதல் முறையே போயிருக்கும். இன்னொரு வகையில், ‘நானே போட்டுத் தருகிறேன்’ என்று உங்கள் கைபேசியை வாங்கி, பணம் அனுப்பும் செயலியைத் திறந்து தங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்வார்கள். இந்தக் கடைசி வகைக்கான தீர்வு வேறு என்பதால் அதைத் தனியே பிறகு சொல்கிறேன்.

நானும் இப்படி ஏமாந்தவன்தான். பத்துக்குச் சம்மதித்தேன், ஆயிரம் போயிற்று. ஆனால் அந்த ஆயிரத்தைவிட எனக்கு அதிக வேலை வைத்தது, அன்றிரவு தொலைபேசியில் நான் சொன்ன ஒரே ஒரு சொல். வங்கி ஊழியர், ‘இந்தப் பரிவர்த்தனையை நீங்கள் செய்தீர்களா?’ என்று கேட்டார். கோபத்தில் ‘இல்லை’ என்றேன். அவர் அதைக் கார்டு திருட்டு என்று பதிவு செய்தார். சில வாரங்கள் கழித்து, கார்டு உங்களிடமே இருந்திருக்கிறது, அதன் சிப் நேரடியாக இயந்திரத்தில் படிக்கப்பட்டிருக்கிறது, எனவே இது உங்கள் பரிவர்த்தனைதான் என்று பதில் வந்தது. அவர்களுடைய பதிவேட்டின்படி அது சரிதான். நான் சொல்லியிருக்க வேண்டியது இதுவே: ‘பத்துக்கு மட்டும் சம்மதித்தேன், ஆயிரம் எடுத்திருக்கிறார்கள், மீதி 990 என் சம்மதமின்றிப் போனது.’ இந்த வாக்கியத்தோடு மீண்டும் முறையிட்ட பிறகுதான் வங்கி உரிய பிரிவில் அதை விசாரித்தது. ஆகவே இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும், வங்கியின் அந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லக்கூடாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

முதலில் செய்ய வேண்டியவை

ஏமாந்தது தெரிந்தவுடன் வங்கியின் செயலியில் கார்டைத் தற்காலிகமாக முடக்குங்கள். பிறகு கார்டின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை அழையுங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் ‘வாடிக்கையாளர் சேவை’ எண்களை அழைக்க வேண்டாம்; அவற்றில் போலி எண்கள் கலந்திருக்கின்றன, ஒரே நாளில் இரண்டு முறை ஏமாறுவதற்கு அதுவே குறுக்குவழி. அழைப்பை ஏற்றவரிடம் புகார் எண்ணைக் கேட்டு, நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில் நீங்கள் வங்கிக்குத் தெரிவித்தீர்கள் என்பது பின்னால் பொறுப்பை நிர்ணயிக்கும் கணக்காக மாறும்.

கார்டை முடக்கினால் போன பணம் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நிற்காது. ஏற்கெனவே ஒப்புதல் பெற்று நிலுவையில் இருக்கும் தொகை, கார்டை முடக்கிய பிறகும் ஓரிரு நாட்களில் கணக்கில் ஏறிவிடும். முடக்குவது இனி வரப்போகும் பரிவர்த்தனைகளைத் தடுப்பதற்காகத்தான். பல வங்கிகள், தொகை கணக்கில் ஏறிய பிறகே முறையீட்டுப் படிவத்தை ஏற்கும். அப்படிச் சொன்னாலும், நீங்கள் அழைத்த தகவலையாவது அன்றே பதியச் சொல்லுங்கள்.

அவர் உங்கள் கார்டைக் கையில் வாங்கியிருந்தால், திரும்பத் தந்தது உங்கள் கார்டுதானா என்று பெயரைப் பாருங்கள். நீங்கள் அழுத்தும் இரகசியப் பின் (PIN) எண்ணை எட்டிப் பார்த்துக்கொண்டு, அதே நிறத்தில் வேறொரு கார்டைத் திருப்பித் தருவது பழைய தந்திரம். கார்டு ஒரு நொடியேனும் பிறர் கையில் இருந்தது என்றால், முன்பக்க எண்ணும் பின்பக்க மூன்றிலக்க எண்ணும் படம் பிடிக்கப்பட்டதாகவே கருதி, தற்காலிக முடக்கத்தோடு நிற்காமல் புதிய எண்ணுடன் மாற்றுக் கார்டு கேளுங்கள்.

உங்களுடையது எந்த வகை

முறையீட்டின் பலம் உங்கள் கோபத்தின் அளவைப் பொறுத்ததன்று. நடந்தது எந்த வகையில் அடங்குகிறது என்பதைப் பொறுத்தது. சொன்னதைவிட அதிகமாக எடுத்திருந்தால், அது தொகை மாறுபாடு. விசா, மாஸ்டர்கார்டு ஆகிய இரண்டு வலையமைப்புகளின் விதிகளிலும் தவறான தொகையும் இரட்டைப் பதிவும் முறையீட்டுக்கு உரிய காரணங்களாக இருக்கின்றன. இதில் இயந்திரத்தின் பதிவு உங்களுக்கு முற்றிலும் எதிரானதன்று. கார்டு அங்கே இருந்தது என்பதை மட்டுமே அது நிரூபிக்கிறது, வாயால் எந்தத் தொகை பேசப்பட்டது என்பதை நிரூபிக்கவில்லை. ஆனால் நீங்கள் பின் எண்ணை அழுத்தியிருந்தால், திரையில் தொகையைப் பார்த்துத்தானே அழுத்தினீர்கள் என்று வங்கி கேட்கும். அதற்கான பதில், திரை மறைக்கப்பட்டிருந்தது என்றால், அது முதல் நாள் புகாரிலேயே இருக்க வேண்டும். இரண்டாவது கடிதத்தில் புதிதாக முளைக்கும் விவரத்தை யாரும் நம்புவதில்லை.

நீங்கள் செய்யவே செய்யாத பரிவர்த்தனைகள், அதாவது மறுநாள் எங்கோ இணையக் கடையில் உங்கள் கார்டு எண் பயன்பட்டது போன்றவை, ஐயத்துக்கு இடமில்லாத மோசடி. அவற்றைத் தெருவில் நடந்ததோடு கலக்காமல் தனி வரிகளாகப் புகாரில் காட்டுங்கள். கலந்து எழுதினால், நீங்கள் கார்டை நீட்டியது என்ற ஒரே காரணத்தால் எல்லாமே ஒரே கட்டில் நிராகரிக்கப்படும்.

ஒரு முறைக் கொடை என்று நினைத்துக் கையெழுத்திட்டது மாதச் சந்தாவாக இருப்பது மூன்றாவது வகை. நியாயமான தொண்டு நிறுவனங்களும் தெருவில் ஆட்களை நிறுத்தி மாதக் கொடைக்கு ஆள் சேர்ப்பதுண்டு என்பதால், இது மோசடிதான் என்று எடுத்த எடுப்பில் முடிவு செய்ய முடியாது. முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் ரத்துக் கடிதம் அனுப்புங்கள். அதன் நகலோடு, இனி இந்த நிறுவனத்துக்குத் தொகை செல்லக்கூடாது என்று வங்கிக்கும் எழுதுங்கள். ரத்துக்குப் பிறகும் எடுக்கப்படும் ஒவ்வொரு தொகையும் முறையீட்டுக்கு உரியது.

கடினமானது நான்காவது வகை: சொன்ன தொகையையே எடுத்தார்கள், ஆனால் அப்படியொரு அறக்கட்டளையே இல்லை. சார்ஜ்பேக், அதாவது முறையீட்டின் பேரில் வங்கி வணிகரிடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்கித் தரும் ஏற்பாடு; அதன் விதிகள் பொருளும் சேவையும் வாங்குகிறவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கொடையில் ‘பொருள் வரவில்லை’ என்று சொல்ல ஏதுமில்லை. பிரிட்டனில் கிரெடிட் கார்டு பயனர்களுக்குப் பெரும் பாதுகாப்பாகச் சொல்லப்படும் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவும், 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருள் அல்லது சேவையைப் பற்றியதே. ஆகவே இந்த வகையில் பணம் திரும்பும் என்று உறுதியாக நம்ப வேண்டாம். அதற்காக முறையிடாமலும் இருக்க வேண்டாம். பொய்யாகக் காட்டி வாங்கிய பணம் என்று தெளிவாக எழுதி, அமைப்பு பதிவு பெறாதது என்பதற்கான சான்றை இணைத்தால், பரிசீலிக்கும் வங்கிகளும் உண்டு. அந்தச் சான்று கிடைப்பது கடினமன்று. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான அறநிறுவன ஆணையம், ஆஸ்திரேலியாவின் அறநிறுவன ஆணையம், அமெரிக்காவின் வருமான வரித் துறை ஆகியவை பதிவு பெற்ற அமைப்புகளை இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. உங்கள் நாட்டில் அத்தகைய பட்டியல் இருந்தால், பெயர் இல்லை என்று காட்டும் பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நிஜ அமைப்பின் பெயரைத் திருடிப் பயன்படுத்தியிருந்தால் அந்த அமைப்புக்கே எழுதிக் கேளுங்கள். ‘இவர் எங்கள் ஆள் அல்லர்’ என்று அவர்கள் தரும் ஒரு வரி மின்னஞ்சல், உங்கள் பத்துப் பக்க விளக்கத்தைவிட வலுவானது.

எதையெல்லாம் சேகரிக்க வேண்டும்

வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியை அழிக்காமல் வையுங்கள். நிலுவையில் இருக்கும்போதே செயலியில் அந்தப் பரிவர்த்தனை எப்படித் தெரிகிறது என்று படம் எடுத்துவிடுங்கள், ஏனெனில் கணக்கில் ஏறும்போது வணிகரின் பெயரும் விவரமும் மாறிவிடக்கூடும். அந்தப் பெயர்தான் உங்களிடமுள்ள முதல் துப்பு. தெருவில் பயன்படும் சிறு இயந்திரங்கள் பெரும்பாலும் ஸ்கொயர், சம்அப் போன்ற கட்டணச் சேவை நிறுவனங்களுடையவை. ஸ்டேட்மென்ட்டில் வணிகரின் பெயருக்கு முன்னால் அந்த நிறுவனத்தின் பெயரோ சுருக்கமோ வரும். அப்படி வந்தால் அந்த நிறுவனத்துக்கும் தனியே புகார் அனுப்புங்கள். அவர்கள் உங்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாவிட்டாலும், மோசடிக் கணக்கை முடக்கும் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு துப்பும் உண்டு. கார்டு ஏற்கும் ஒவ்வொரு வணிகருக்கும் அவர் செய்யும் தொழிலைக் குறிக்கும் நான்கிலக்கக் குறியீடு இருக்கிறது. அறக்கொடை மற்றும் சமூக சேவை அமைப்புகளுக்கானது 8398. உங்கள் பணத்தை வாங்கிய கணக்கு எந்தக் குறியீட்டின்கீழ் பதிவாகியிருக்கிறது என்று வங்கியிடம் கேளுங்கள். குழந்தைகளின் சிகிச்சைக்கு என்று வாங்கிய பணம் உணவுக்கடைக் கணக்குக்கோ அழகு நிலையக் கணக்குக்கோ போயிருந்தால், அதையே ஒரு வரியாக முறையீட்டில் எழுதலாம்.

நின்ற இடம், நேரம், ஆளின் தோற்றம், பேசிய வார்த்தைகள் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். நினைவு இரண்டு நாளில் தன் விருப்பப்படி கதையைத் திருத்த ஆரம்பித்துவிடும். உடன் யாராவது இருந்திருந்தால் அவரையும் தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் அல்லது இணையக் குற்றப் பிரிவில் புகார் அளித்து அதன் எண்ணைப் பெறுங்கள். ஆளைப் பிடிப்பார்களா என்பது வேறு விஷயம். வங்கியின் கோப்பில் அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு. இந்தியாவில் 1930 என்ற தேசிய உதவி எண்ணை உடனே அழைத்தால், பணம் சென்ற கணக்கிலேயே அதை நிறுத்திவைக்கச் சில வேளைகளில் முடிகிறது.

முறையீட்டை எழுதுவது

தொலைபேசியில் சொல்லியாயிற்று என்று விட்டுவிடக்கூடாது. எழுத்தில் தர வேண்டும். சுருக்கமாகத் தர வேண்டும். அடைமொழிகளையும் வசைகளையும் நீக்கிவிட்டால் பெரும்பாலான புகார்கள் அரைப் பக்கத்தில் அடங்கும். மாதிரிக்கு ஒன்று:

‘(தேதி) அன்று மாலை சுமார் (நேரம்) மணிக்கு (இடம்) அருகே, (அமைப்பின் பெயர்) சார்பில் நன்கொடை திரட்டுவதாகக் கூறிய ஒருவருக்கு 10 தருவதாக வாய்மொழியாக ஒப்புக்கொண்டேன். அவர் இயந்திரத்தின் திரையைக் கையால் மறைத்தபடி நீட்டினார்; நான் கார்டை அதன் மேல் வைத்தேன். ரசீது தரப்படவில்லை. வங்கியின் குறுஞ்செய்தி வந்தபோது 1,000 எடுக்கப்பட்டிருப்பதை அறிந்து, (நேரம்) மணிக்கு வங்கியை அழைத்துத் தெரிவித்தேன். புகார் எண் (எண்). 10க்கு மட்டுமே என் சம்மதம் இருந்தது. எஞ்சிய 990 என் சம்மதமின்றி எடுக்கப்பட்டது. அதைத் திருப்பித் தரக் கோருகிறேன். மேற்படி அமைப்பு பதிவுப் பட்டியலில் இல்லை என்பதற்கான சான்றும், காவல் புகாரின் நகலும் இணைத்துள்ளேன்.’

முழுத் தொகையையும் கேட்கலாமா என்றால், அமைப்பே போலி என்பதற்குச் சான்று இருந்தால் கேட்கலாம். அப்போதும், முழுத் தொகை இயலாதாயின் 990ஐயாவது தருமாறு மாற்றுக் கோரிக்கையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்டு திருட்டுப் போயிற்று என்பது போன்ற பொய்யை மட்டும் எழுத வேண்டாம். சிப் படிக்கப்பட்டதா, கைபேசி இயந்திரத்தின் மேல் வைக்கப்பட்டதா, பின் எண் அழுத்தப்பட்டதா என்பதெல்லாம் வங்கிக்குத் தெரியும். ஒரு பொய் வெளிப்பட்டால் மீதியிருக்கும் உண்மையும் போயிற்று.

காலக்கெடு

விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பல வகை முறையீடுகளுக்கு 120 நாட்கள் கெடு. சிலவற்றுக்கு அதைவிடக் குறைவு. அது வங்கிக்கான கெடு என்பதால், உங்கள் கடிதம் அதற்கு வெகு முன்பே போய்ச் சேர வேண்டும். சட்டங்கள் தரும் கால அளவு நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் கிரெடிட் கார்டு என்றால், பிழையைக் காட்டும் முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நிறுவனம் இரண்டு பில் சுழற்சிகளுக்குள், அதிகபட்சம் 90 நாட்களுக்குள், முடிவு சொல்லியாக வேண்டும். அங்கே டெபிட் கார்டு தொலைந்தோ திருடப்பட்டோ போனால், அது தெரிந்து இரண்டு வேலை நாட்களுக்குள் சொன்னவரின் இழப்பு 50 டாலருக்குள் நிற்கும். தாமதித்தவருக்கு அது 500 டாலர் வரை, மிகவும் தாமதித்தால் அதற்கு மேலும், போகலாம். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சம்மதமில்லாத பரிவர்த்தனையைத் தெரிவிக்க 13 மாதங்கள் வரை இடமுண்டு, ஆனால் தெரிந்த பிறகு தாமதிக்கக்கூடாது. இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதியோ நாட்களைத்தான் எண்ணுகிறது: வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை, நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் என்றால் வரம்புக்குட்பட்ட பொறுப்பு. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்ததாக இருந்தாலும், அவர் தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது.

கைபேசியை வாங்கிச் செயலி வழியாக அனுப்பிய பணத்துக்கு மேலே சொன்ன சார்ஜ்பேக் பெரும்பாலும் பொருந்தாது. அது கணக்கிலிருந்து கணக்குக்குப் போன பணம். அனுப்பிய வங்கியை உடனே அழைத்து, பெற்ற வங்கியில் தொகையை நிறுத்திவைக்கக் கேட்பதே வழி. இங்கே நிமிடங்கள் முக்கியம். உங்கள் விரல் பொத்தானை அழுத்தவில்லை, பிறர் அழுத்தினார் என்றால் அதையே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், ஏனெனில் அப்போது அது சம்மதமில்லாத பரிவர்த்தனை. ஏமாந்து நீங்களே அனுப்பியிருந்தாலும், பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல் விரைவுப் பரிமாற்றங்களுக்கு 85,000 பவுண்டு வரை இழப்பீடு தரும் கட்டாய ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது.

மறுத்தால்

விசாரணைக் காலத்தில் வங்கி தற்காலிகமாகத் தொகையை வரவு வைக்கலாம். அதைச் செலவழித்துவிடாதீர்கள். எதிர்த்தரப்பு ஆவணம் காட்டி மறுத்தால், அது திரும்ப எடுக்கப்படும். மறுப்பு வந்தால், எந்த ஆவணத்தின் அடிப்படையில் மறுத்தார்கள் என்று கேட்டு அதன் நகலைப் பெறுங்கள். வணிகர் தந்த ‘சான்று’ வெறும் இயந்திரச் சீட்டாக இருந்தால், அதில் உங்கள் கையெழுத்தோ நன்கொடை ரசீது எண்ணோ இல்லை என்று சுட்டிக்காட்டி மறுபரிசீலனை கேளுங்கள். அதற்கும் பலனில்லையென்றால் வங்கியின் குறைதீர்ப்பு அலுவலர், அதன் பின் நாட்டின் நிதிக் குறைதீர்ப்பாளர். இந்தியாவில் புகார் கொடுத்து 30 நாட்கள் கழித்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். பிரிட்டனில் வங்கியின் இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதங்களுக்குள் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டும். இரண்டு இடங்களிலும் புகார்தாரருக்குக் கட்டணமில்லை.

இதற்கிடையே, இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி யாராவது அழைப்பார்கள். வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவு என்றுகூடச் சொல்வார்கள். உங்கள் புகாரின் விவரங்களும் தெரிந்தவர்கள் போலப் பேசுவார்கள். ஓடிபி கேட்டாலோ முன்பணம் கேட்டாலோ அழைப்பைத் துண்டித்துவிட்டு, கார்டின் பின்புற எண்ணை நீங்களே அழைத்து விசாரியுங்கள்.

புதிய கார்டு கைக்கு வந்த பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. மாதந்தோறும் கட்டணம் எடுக்கும் வணிகர்களுக்கு வாடிக்கையாளரின் புதிய கார்டு எண்ணைத் தானாகவே தெரிவிக்கும் சேவை விசாவிடமும் மாஸ்டர்கார்டிடமும் இருக்கிறது. தெருவில் உங்களிடம் வாங்கியது சந்தாவாகப் பதிவாகியிருந்தால், பழைய எண் செத்த பின்னும் அது புதிய எண்ணில் தொடரக்கூடும். எனவே கார்டு மாற்றக் கேட்கும்போதே, அந்த வணிகருக்குப் புதிய எண் போகாமல் தடுக்குமாறு சொல்லி, அடுத்த மூன்று ஸ்டேட்மென்ட்களையாவது வரி வரியாகப் பாருங்கள்.